சொற்களின் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மர்ரே

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியாதபோது மாணவர் அகராதியைப் புரட்டுகின்றனர். அங்கே அச்சொல்லுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுப் பல பொருள்கள் நிற்கின்றன. அவற்றை வகுத்தவர் யார், எதைக் கொண்டு வகுத்தார், எந்தப் பொருளை முதலில் வைப்பது என்று எப்படி முடிவு செய்தார் என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. அச்சில் ஏறிய அகராதிக்கு ஐயமின்றி ஏற்கப்படும் ஓர் அதிகாரம் வாய்த்துவிடுகிறது. அந்த அதிகாரம் எத்தனை பேர் உழைப்பில், எத்தனை ஐயங்களுக்கிடையே உருவாயிற்று என்பதை அறிய விரும்புவோர், ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த ஜேம்ஸ் மர்ரேயின் வாழ்க்கையைப் படித்தால் போதும்.

சிற்றூர்ச் சிறுவன்

ஸ்காட்லாந்தின் தென்னெல்லையில், ஹாவிக் நகருக்கு அருகே டென்ஹோம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மர்ரே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் மர்ரே என்பது மட்டுமே. அவ்வட்டாரத்தில் அதே பெயருடையோர் பலர் இருந்தமையால், பிற்காலத்தில் அகஸ்டஸ், ஹென்றி என்ற இரு பெயர்களைத் தாமே இடையில் சேர்த்துக்கொண்டார்.

தந்தையின் வருவாய் குடும்பத்தின் உணவுக்கும் உடைக்குமே சரியாக இருந்தது. கட்டணம் செலுத்தி மேற்பள்ளியில் படிக்க வழியில்லாததால், 14ஆம் அகவையில் மர்ரேயின் பள்ளிப்படிப்பு நின்றது. கற்பது நிற்கவில்லை. மலைச்சரிவில் கிடைத்த கல், வயலோரத்துச் செடி, வானத்து விண்மீன், முதியோர் நாவில் வழங்கிய வட்டாரச் சொல் ஆகிய அனைத்தும் அவருக்குப் பாடங்களாயின. ஒரே நூலின் பல மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே பல மொழிகளைப் பயின்றார். மாடு மேய்த்த நாள்களில் அம்மாடுகளை இலத்தீன் மொழியில் அழைத்துப் பழக்க முயன்றார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. மாடுகள் இலத்தீனைக் கற்றனவோ இல்லையோ, சிறுவன் கற்றான்.

17ஆம் அகவையில் ஹாவிக் பள்ளியொன்றில் துணையாசிரியரானார். 20ஆம் அகவையில் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். பட்டம் ஏதும் பெறாத இளைஞர் அவர். ஆயினும் ஊரார் அவரிடம் தம் பிள்ளைகளை ஒப்படைத்தனர். பின்னாளில் தொலைபேசியால் உலகப் புகழ் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், இளமையில் மின்னியலின் தொடக்கப் பாடங்களை மர்ரேயிடமே கேட்டறிந்தார்.

1862இல் மேகி ஸ்காட் என்னும் இசையாசிரியையை மர்ரே மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்தது. மேகியையும் காசநோய் பற்றியது. ஸ்காட்லாந்தின் குளிரை விட்டுத் தென்பிரான்சு செல்லுமாறு மருத்துவர் அறிவுறுத்தினர். அவ்வளவு தொலைவு செல்லப் பொருள் இல்லை. இலண்டன்வரை செல்லத்தான் இயன்றது. மனைவியின் உயிரைக் காக்க விரும்பிய மர்ரே, தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, இலண்டனில் ஒரு வங்கியின் எழுத்தர் பணியை ஏற்றார். இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளோடு தொழில் நடத்திய வங்கி அது. இத்தனை செய்தும் மேகி ஓராண்டுக்குள் மறைந்தார்.

மொழியறிவு கொண்டு வேறு பணி தேட எண்ணிய மர்ரே, 1866இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விண்ணப்பித்தார். தாம் ஓரளவேனும் அறிந்த மொழிகளை அதில் நிரல்படக் குறித்திருந்தார். அப்பட்டியல் ஐரோப்பாவைக் கடந்து சமற்கிருதம், பாரசீகம், எபிரேயம் என நீண்டது. பணி கிடைக்கவில்லை. 1867இல் ஏடா ரத்வென் என்பவரை மணந்தபோது மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் கிரகாம் பெல். 1870இல் இலண்டனுக்கு வடக்கே மில்ஹில் என்னுமிடத்துப் பள்ளியில் மர்ரே மீண்டும் ஆசிரியரானார். அவர் வாழ்வில் மிகவும் மகிழ்ந்திருந்த காலம் அதுவே எனலாம்.

இரண்டு டன் காகிதம்

மொழிநூலறிஞர் கழகம் ஒன்று இலண்டனில் செயற்பட்டு வந்தது. அப்போதிருந்த ஆங்கில அகராதிகள் குறையுடையன என்று அக்கழகம் 1857இலேயே கண்டிருந்தது. விடுபட்ட சொற்கள் பல. இருந்த சொற்களுக்கும், அவை எப்போது மொழிக்குள் வந்தன, எப்படிப் பொருள் மாறின என்ற செய்தி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முழு வரலாறு தரும் அகராதி வேண்டும் என்று கழகத்தார் திட்டமிட்டனர். முதற் பதிப்பாசிரியராகிய ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல், 30 அகவையில் காலமானார். அவருக்குப்பின் வந்த பிரெடரிக் பர்னிவால் ஆர்வம் மிக்கவர், ஒழுங்கு குறைந்தவர். பணி தேங்கியது.

1879 மார்ச் முதல் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மர்ரே பதிப்பாசிரியரானார். பத்தாண்டுகளில் நான்கு தொகுதிகள் என்பது உடன்பாடு. மர்ரேயும் அதை நம்பினார்.

பர்னிவாலிடமிருந்து வந்துசேர்ந்த காகிதச் சீட்டுகளின் எடை ஏறத்தாழ இரண்டு டன். சாக்கு மூட்டைகளை அவிழ்த்தபோது ஒன்றில் செத்த எலி கிடந்தது; இன்னொன்றில் எலிக்குஞ்சுகள் உயிரோடு இருந்தன. எச் என்னும் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் புளோரன்சு நகரில் இருந்தன. பி, ஏ எனத் தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை இலாயத்தில் கண்டெடுக்கப்பட்டன. இவற்றையெல்லாம் வைக்க வீட்டில் இடமில்லை. பள்ளி வளாகத்திலேயே நெளிதகடு கொண்டு ஒரு கொட்டகை எழுப்பினார். பழங்காலத் துறவியர் சுவடி எழுதிய கூடத்தின் பெயரால் அதனை ஸ்கிரிப்டோரியம் என அழைத்தார். சுவரெங்கும் சிற்றறைகள் பொருத்தினார், அவை 1,029.

சீட்டும் பொருளும்

மர்ரேயின் முறை கேட்பதற்கு எளியது. 1879இல் ஆங்கிலம் வழங்கிய நாடுகளின் படிப்பாளர்களுக்கு அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படியுங்கள், கருத்தைக் கவரும் சொல்லைக் கண்டால் அதைச் சீட்டின் தலையில் எழுதுங்கள், அதன்கீழ் நூலின் ஆண்டு, ஆசிரியர், பெயர், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, அச்சொல் வந்துள்ள வாக்கியத்தை முழுமையாகப் படியெடுத்து அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அரிய சொற்களை மட்டும் தேடினால் போதாது. அன்றாடச் சொற்களுக்கும் சான்று வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏனெனில் படிப்பாளர் பலர் விந்தையான சொல்லை விரும்பி எழுதினர். எளிய சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆசிரியர், பாதிரியார், வணிகர், இல்லத்தரசியர் எனப் பல தரத்தாரும் ஊதியம் கருதாது எழுதினர். சில ஆண்டுகளில் புதிதாகப் பத்து இலட்சம் சீட்டுகள் குவிந்தன. அவற்றை முதலில் அகரவரிசைப்படுத்த வேண்டும். அதற்கு மர்ரேயின் பிள்ளைகளே கை கொடுத்தனர். ஏடாவுக்கும் மர்ரேக்கும் பிள்ளைகள் பதினொருவர். எழுத்தறியும் பருவம் வந்ததும் ஒவ்வொருவரும் சீட்டுக் கட்டின்முன் அமர்ந்தனர். அகவைக்கு ஏற்பச் சில்லறைக் காசும் கிடைத்தது. பிறர் பாடநூலில் மனனம் செய்த சொற்களை, மர்ரேயின் பிள்ளைகள் கையால் தொட்டு அடுக்கிப் பழகினர்.

அடுக்கிய பின்னரே கடினமான பணி தொடங்கும். ஒரு சொல்லுக்குரிய சீட்டுகள் அனைத்தையும் மேசைமேல் பரப்பிக் கால வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள். பொருளை முன்கூட்டி முடிவு செய்துகொண்டு சான்று தேடுவது மர்ரேயின் வழக்கமன்று. மக்கள் எழுதிய வாக்கியங்களைப் படித்து, அவற்றுள் ஒத்தவற்றை ஒன்று சேர்த்து, வேறுபட்டவற்றைப் பிரித்து, அப்பிரிவுகளுக்கே பொருள் எழுதினார். அகராதியாசிரியர் மொழிக்கு ஆணையிடுபவர் அல்லர், அதன் நடையைக் கண்டு பதிவு செய்பவர் என்ற கொள்கை இம்முறையின் அடிப்படை.

'கேட்டில்' என்ற சொல்லைக் காணலாம். மாடுகளைக் குறிக்கும் சொல் இது. பழைய சான்றுகளிலோ உடைமை, செல்வம் என்ற பொருளே காணப்படுகிறது. இலத்தீனில் தலையைக் குறிக்கும் சொல்லடியிலிருந்து, தலையாய உடைமை என்ற கருத்தில் பிறந்தது அது. முதலீட்டைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' அதன் உறவு. உழவர்க்கு உடைமையாவது கால்நடையே ஆதலால், பொருள் படிப்படியாகக் குறுகிக் கால்நடையில் நின்றது. செல்வம், கால்நடை என்னும் இரு பொருளும் தரும் 'மாடு' என்ற தமிழ்ச்சொல்லை அறிந்தவர்க்கு இவ்வரலாறு புதுமையாகத் தோன்றாது.

'பீட்' என்பது மணியைக் குறிக்கும். அதன் தொடக்கப் பொருள் வழிபாடு. வேண்டுதல்களை எண்ணிக் கணக்கிட நூலில் கோத்த உருண்டைகளை ஒவ்வொன்றாய்த் தள்ளினர். வேண்டுதலின் பெயர் மெல்ல உருண்டைக்கு ஏறியது. பின்னர் வழிபாட்டோடு தொடர்பற்ற பாசிமணிக்கும் அதுவே பெயராயிற்று. இவ்வாறு பொருளின் படிகளை அறிந்து கற்ற சொல், தனியே மனனம் செய்த சொல்லைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

தமிழ் மாணவர் ஆர்வத்தோடு நோக்கத்தக்கது 'கேஷ்' என்னும் சொல். அது நம் 'காசு' என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று கூறுவோர் உளர். மர்ரே சான்றுகளைப் பிரித்து இரு சொற்களாகக் காட்டினார். கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது; பணம் வைக்கும் பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகியது. இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்', தமிழின் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்றது. ஒலி ஒன்றானமையால் சொல்லும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. மர்ரே பதிப்பித்த இதே தொகுதியில்தான் கட்டுமரம், சுருட்டு, கறி ஆகிய தமிழ்ச்சொற்கள் ஆங்கில வடிவில் தம் பிறப்பிடத்தோடு இடம்பெற்றன.

நூலில் விடை கிடைக்காதபோது மர்ரே அத்துறையாருக்கே கடிதம் எழுதினார். செடியின் பெயர் என்றால் கியூ தாவரத் தோட்டத்துக்கு எழுதுவார். கவிதையில் வந்த சொல் என்றால் டென்னிசன், பிரௌனிங் முதலியோரிடமே பொருள் வினவுவார். சொல்லை ஆண்ட கவிஞரின் விடையும் எப்போதும் ஐயத்தைத் தீர்த்துவிடவில்லை. அவர் வீட்டிலிருந்து நாள்தோறும் சென்ற கடிதங்களின் மிகுதியைக் கண்டு, அஞ்சல் துறையார் வீட்டு வாயிலிலேயே ஓர் அஞ்சற்பெட்டியை நிறுவினர்.

காலத்தோடு போராட்டம்

1884இல் முதற்பகுதி வெளிவந்தது. 352 பக்கங்கள். எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்ற சொல்வரைதான் வர முடிந்தது. பத்தாண்டில் முடிக்க வேண்டிய பணியில் ஐந்தாண்டு கழிந்திருந்தது. முதல் எழுத்தே முடியவில்லை.

அச்சகத்தின் பொறுப்பாளர்கள் கவலையுற்றனர். 1883இலேயே அவர்கள் மர்ரேக்குச் சில நெறிகளை வகுத்தளித்திருந்தனர். நாளிதழ்களிலிருந்து சான்று காட்டுதலைத் தவிர்க்க வேண்டும், புகழ்பெற்ற எழுத்தாளர்களையே எடுத்தாள வேண்டும் என்பன அவற்றுட் சில. மர்ரே இதை ஏற்கவில்லை. புதிய சொல் முதலில் பிறப்பது நாளிதழில். பெரும்புலவர் கைக்கு அது வர ஆண்டுகள் ஆகும். புலவர் ஆண்ட சொல்லே சொல் என்றால் மொழியின் பாதி வரலாறு மறைந்துவிடும். பதவியைத் துறக்கும் எல்லைவரை சென்று தம் நிலையைக் காத்தார். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அகராதி சில ஆண்டுகள் முன்பே முடிந்திருக்கலாம். அது வேறோர் அகராதியாக இருந்திருக்கும்.

இப்போராட்டத்தின் விலையைக் குடும்பமும் செலுத்தியது. உதவியாளர் ஊதியத்தையும் ஒப்பந்தத் தொகையிலிருந்தே கொடுக்க வேண்டியிருந்ததால் மர்ரே கடன்பட்டார். அரசு வழங்கிய ஆண்டு ஓய்வூதியம் ஓரளவு துணை நின்றது. 1885இல் பள்ளிப் பணியை முற்றும் விட்டு ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அங்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. அண்டை வீட்டாருக்குக் காட்சி மறையும் என்பதால், அதனைத் தரைக்குள் மூன்றடி இறக்கிக் கட்ட நேர்ந்தது. ஈரமும் குளிரும் நிறைந்த அக்குழிக்குள், தடித்த மேலங்கி அணிந்து, காற்றுப் படாதவாறு கால்களை ஒரு பெட்டிக்குள் நுழைத்துக்கொண்டு எழுதினார். சளியும் நுரையீரல் நோயும் அவரை அடிக்கடி வருத்தின.

துணை எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தது. முதற்பகுதியை மதிப்பிட்டுக் குறைகளையும் சுட்டிக் கட்டுரை எழுதியவர் ஹென்றி பிராட்லி. அவரே பின்னர் இரண்டாம் பதிப்பாசிரியராக அமர்த்தப்பட்டார். படிப்பாளருள் ஒருவரான வில்லியம் மைனர், அமெரிக்கப் படையில் மருத்துவராக இருந்தவர். மனநோயின் வயப்பட்டு இலண்டனில் ஓர் அப்பாவியைச் சுட்டுக்கொன்றதால், பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். தம் அறையை நூல்களால் நிரப்பி, ஒவ்வொரு நூலுக்கும் சொற்பட்டியல் அமைத்து, மர்ரே எந்தச் சொல்லில் பணி செய்கிறாரோ அச்சொல்லுக்கே சான்றுகளை உரிய வேளையில் அனுப்பிவந்தார். மைனரை ஒரு நாட்டுப்புற மருத்துவர் என எண்ணிச் சென்ற மர்ரே, காப்பகத்தைக் கண்டு திகைத்தார் என்றொரு கதை உண்டு, அது கட்டுக்கதை. 1891இல் அவர் அனைத்தும் அறிந்தே சென்றார். பல ஆண்டுகள் நட்புப் பாராட்டினார். மைனரின் உழைப்பை வெளிப்படையாகப் புகழவும் அவர் தயங்கவில்லை.

தவறுகளும் நேர்ந்தன. குடல்வால் அழற்சியைக் குறிக்கும் 'அப்பெண்டிசைட்டிஸ்' மருத்துவர்க்கு மட்டுமே உரிய சொல் என்று கருதி அதனை விட்டுவிட்டனர். 1902இல் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அந்நோய் கண்டு முடிசூட்டு விழாவே தள்ளிவைக்கப்பட்டது. நாடே உச்சரித்த சொல் அகராதியில் இல்லை. அடிமைப் பணிப்பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லோ எவர் முடிவாலும் விடுபட்டதன்று. அதற்குரிய சீட்டுகள் எங்கோ தவறிப்போயின. தொகுதி அச்சாகி வெளிவந்த பின்னரே அவை கிடைத்தன. இத்தனை கட்டுப்பாட்டோடு நடந்த பணியில் ஒரு சொல் முழுமையாகத் தொலைந்தது மர்ரேயை நெடுநாள் உறுத்தியது.

1908இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. தம் அகராதியால் உலகெங்கும் பெயர் பெற்ற ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், 1914இல்தான் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. அப்போது அவருக்கு அகவை 77. தம் எண்பதாம் பிறந்தநாளில் அகராதி நிறைவுறும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். 1915 ஜூலை 26ஆம் நாள் மறைந்தார். அவர் கையிலிருந்தது டி என்னும் எழுத்து. ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகள், எச் முதல் கே வரை நான்கு, ஓ, பி, இறுதியாக இந்த டி என அகராதியின் ஏறக்குறையப் பாதி அவருடைய மேற்பார்வையில் உருவானது.

பிராட்லி, கிரெய்கி, ஆனியன்ஸ் ஆகியோர் பணியைத் தொடர்ந்தனர். 1928இல் அகராதி முற்றுப்பெற்றது. நிறைவாக வெளிவந்தது இறுதி எழுத்தாகிய இசட் அன்று; அது முன்னரே முடிந்திருந்தது. டபிள்யூ எழுத்தின் கடைசிப் பகுதியே காத்திருந்தது. சொற்கள் 4,14,825. சான்று வாக்கியங்கள் 18 இலட்சத்துக்கும் மேல். 1933இல் ஒரு துணைத்தொகுதி வந்தது. 'அப்பெண்டிசைட்டிஸ்' அதில் இருந்தது. மர்ரே தொலைத்த 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லும் தனக்குரிய அகரவரிசை இடத்தில் இருந்தது.